வீட்டுக் கணினிக்கு எந்த பிரவுசர்? குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ், பிரேவ் ஓர் ஒப்பீடு

புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் பலரும் செய்யும் முதல் வேலை, அதில் ஏற்கெனவே இருக்கும் எட்ஜைத் திறந்து குரோமை இறக்கிக்கொள்வது. அப்புறம் எட்ஜ் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏன் குரோம் என்று கேட்டால், "அதுதானே வேகம்" என்பார்கள். 2008 செப்டம்பரில் குரோம் வெளிவந்தபோது அது முழு உண்மை. அன்றைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தது. இன்று அந்தக் காரணம் செல்லாது. வங்கிக் கணக்கு பார்ப்பது, ரயில் டிக்கெட் எடுப்பது, யூடியூப், மின்னஞ்சல், செய்தி என்று போகும் அன்றாட வேலையில் எந்த பிரவுசர் முந்துகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

அப்படியென்றால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? நான் முதலில் பார்ப்பது, அந்த பிரவுசரைத் தயாரிப்பவர்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை. பிரவுசரை நாம் காசு கொடுத்து வாங்குவதில்லை. ஆனால் அதை எழுதிப் பராமரிக்க ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் போகிறது. நம் வசதியும் அந்த வருமானமும் மோதுகிற இடத்தில் பிரவுசர் யார் பக்கம் நிற்கும் என்பதுதான் உண்மையான வித்தியாசம். மற்றவையெல்லாம் பழக்கம்.

வெளியே பல பெயர், உள்ளே ஒரே இன்ஜின்

பல பிரவுசர்கள் இருப்பதுபோலத் தோன்றினாலும், உள்ளே இயங்கும் இன்ஜின்கள் மூன்றே. இணையதளம் அனுப்பும் குறியீட்டை வாங்கி, நாம் பார்க்கும் பக்கமாக வரைந்து காட்டும் பகுதியைத்தான் இன்ஜின் என்கிறோம். கூகுள் முன்னின்று நடத்தும் குரோமியம் திட்டத்தில் இருப்பது பிளிங்க். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாம் அதன்மேல் கட்டப்பட்டவை. ஃபயர்பாக்ஸ் மட்டும் கெக்கோ என்ற சொந்த இன்ஜினை வைத்திருக்கிறது. ஆப்பிளின் சஃபாரியில் வெப்கிட்.

மைக்ரோசாஃப்ட் 2015-ல் எட்ஜைச் சொந்த இன்ஜினோடுதான் தொடங்கியது. அதை இழுத்துச் செல்ல முடியாமல் 2020 ஜனவரியில் குரோமியத்துக்கு மாறிக்கொண்டது. அதற்கு ஏழு வருடம் முன்பே ஓபரா தன் சொந்த இன்ஜினைக் கைவிட்டுவிட்டது. ஆகவே, "எட்ஜில் அந்த சைட் திறக்காது" என்ற பழைய பயத்துக்கு இன்று அநேகமாக இடமில்லை. குரோமில் திறப்பது எட்ஜிலும் பிரேவிலும் திறக்கும். ஃபயர்பாக்ஸில் மட்டும் எப்போதாவது ஒரு தளம் முரண்டு பிடிக்கும். ஃபயர்பாக்ஸ் மேல் குறை இருப்பதால் அல்ல, அந்தத் தளத்தைச் செய்தவர்கள் குரோமில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவதால். ஒரு காலத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மட்டும் மனதில் வைத்துத் தளம் கட்டினார்கள். 2022 ஜூனில் அது ஓய்வு பெற்றபோது அதை நம்பியிருந்த அலுவலகங்கள் திண்டாடின. அதே நிலை வேறு பெயரில் திரும்பி வருவது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. இணையம் எப்படி இயங்க வேண்டும் என்று ஒரே நிறுவனம் தீர்மானிக்கும் நிலை யாருக்கும் நல்லதில்லை.

பணம் வரும் வழி

கூகுளின் முதன்மை வருமானம் விளம்பரம். குரோமை அது இலவசமாகக் கொடுப்பதற்கும் இடைவிடாமல் மெருகேற்றுவதற்கும் பின்னால் இருப்பது அந்த வருமானம்தான். இது எப்படி வெளிப்படுகிறது என்பதற்கு மூன்றாம் தரப்பு குக்கி விவகாரமே போதும். நாம் ஒரு செய்தித் தளத்துக்குப் போகிறோம். அந்தப் பக்கத்தில் விளம்பரம் வைத்திருக்கும் இன்னொரு நிறுவனம் நம் கணினியில் ஓர் அடையாளச் சீட்டை விட்டுச் செல்கிறது. இதுதான் மூன்றாம் தரப்பு குக்கி. நாம் அடுத்து போகும் சமையல் தளத்திலும் செருப்புக் கடைத் தளத்திலும் அதே நிறுவனத்தின் விளம்பரம் இருந்தால், அந்தச் சீட்டை வைத்து "முன்பு அங்கே பார்த்த அதே ஆள்" என்று கண்டுகொள்கிறது. ஒரு தளத்தில் மிக்ஸி விலை பார்த்தால் போகிற இடமெல்லாம் மிக்ஸி வந்து நிற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

சஃபாரி 2020 மார்ச்சில் இதை முழுவதுமாகத் தடுத்தது. ஃபயர்பாக்ஸ் 2022 ஜூனில், ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி டப்பாவில் அடைத்து வைக்கும் ஏற்பாட்டை எல்லோருக்கும் கொண்டுவந்தது. பிரேவ் தொடக்கம் முதலே தடுக்கிறது. கூகுளும் 2020 ஜனவரியில், இரண்டே ஆண்டில் ஒழித்துவிடுவோம் என்று அறிவித்தது. அப்புறம் தள்ளிப்போட்டது, மறுபடியும் தள்ளிப்போட்டது, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. குரோமில் இன்றும் நாமாக செட்டிங்ஸுக்குப் போய் நிறுத்தினால்தான் உண்டு. கூகுளின் பொறியாளர்களுக்குத் திறமை போதவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விளம்பரச் சந்தையில் தன் பங்கையும் போட்டிச் சட்ட அதிகாரிகளின் கண்காணிப்பையும் வைத்துக்கொண்டு அந்த நிறுவனத்தால் அதைச் செய்ய முடியவில்லை.

மைக்ரோசாஃப்டின் வழி வேறு. எட்ஜைத் திறந்ததும் பிங் தேடல், செய்தித் துணுக்குகள், தள்ளுபடிக் கூப்பன், கோபைலட் என்ற ஏஐ உதவியாளர் என்று வரிசையாக வந்து நிற்கும். விண்டோஸ் பெரிய அப்டேட் ஏதாவது வந்தால், "பரிந்துரைக்கப்பட்ட செட்டிங்ஸைப் பயன்படுத்தலாமா" என்று கேட்டு நம்மைத் திரும்ப எட்ஜுக்கும் பிங்குக்கும் இழுக்கப் பார்க்கும். நல்ல பிரவுசர்தான், ஆனால் முதல் நாளே அரை மணி நேரம் உட்கார்ந்து இவற்றையெல்லாம் அணைக்க வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதை யாராவது செய்து கொடுத்தால்தான் முடியும்.

ஃபயர்பாக்ஸ் மொசில்லா என்ற இலாப நோக்கற்ற அறக்கட்டளைக்குச் சொந்தம். ஆனால் அதன் வருமானத்தில் பெரும்பகுதி கூகுளிடமிருந்தே வருகிறது. ஃபயர்பாக்ஸில் இயல்பான தேடுபொறியாகக் கூகுளை வைத்திருப்பதற்கான கட்டணம் அது. இதை மறைத்துவிட்டு ஃபயர்பாக்ஸைப் புகழ்வது சரியாக இருக்காது. அமெரிக்க நீதிமன்றம் 2024 ஆகஸ்டில், தேடல் துறையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவருகிறது என்று தீர்ப்பளித்தபோது, மொசில்லாவுக்கே மூச்சு முட்டியது, இந்தப் பணம் நின்றுவிடுமோ என்று. 2025 செப்டம்பரில் வந்த அடுத்த உத்தரவு குரோமை விற்கத் தேவையில்லை என்றது. தேடலுக்குப் பணம் கொடுப்பதையும் முற்றாகத் தடைசெய்யவில்லை. மொசில்லா மீதும் குறைகள் உண்டு. 2025 பிப்ரவரியில் அது வெளியிட்ட பயன்பாட்டு விதிமுறைகளின் வாசகங்கள், நம் தரவு மீது உரிமை கோருவதுபோல இருந்ததால் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. சில நாளில் வாசகத்தை மாற்றினார்கள். இருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மொசில்லாவுக்குப் பணம் தருவது விளம்பர நிறுவனமாக இருக்கலாம். ஃபயர்பாக்ஸ் என்ன செய்ய வேண்டும் என்று அந்த நிறுவனம் தீர்மானிப்பதில்லை. அடுத்து வரும் விஷயத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

பிரேவ், ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கிய பிரெண்டன் ஐக் தொடங்கியது. விளம்பரங்களையும் பின்தொடரும் நிரல்களையும் எதுவும் நிறுவாமலேயே தடுத்துவிடும். நாம் விரும்பினால் அதன் சொந்த விளம்பரங்களைப் பார்த்துக் கொஞ்சம் கிரிப்டோ டோக்கன் (ஒருவகை டிஜிட்டல் நாணயம்) பெறலாம். அந்த கிரிப்டோ சமாச்சாரம் ஒரு சாதாரணப் பயனருக்குத் தேவையே இல்லை, நல்லவேளையாக அணைத்துவிடலாம். 2020-ல், முகவரிப் பட்டையில் ஒரு கிரிப்டோ சந்தையின் பெயரை அடித்தால் தனக்குக் கமிஷன் தரும் லிங்கை பிரேவ் தானாக நிரப்பியது வெளியே தெரிந்தது. ஐக் வருத்தம் தெரிவித்து அதை நீக்கினார். தனியுரிமையே எங்கள் அடையாளம் என்று சொல்லும் பிரவுசர் இப்படிச் செய்திருக்கக் கூடாது.

விளம்பரத் தடுப்பான்: முடிவைத் தீர்மானிக்கும் இடம்

விளம்பரத்தைத் தடுப்பது தொல்லை குறைவதற்காக மட்டும் என்று நினைப்பவர்களுக்காக இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஒரு மென்பொருளை இறக்கப் போனால் பக்கத்தில் நான்கு "டவுன்லோடு" பொத்தான்கள் இருக்கும். அதில் மூன்று விளம்பரம். தேடல் முடிவுகளின் உச்சியில் "ஸ்பான்சர்டு" என்ற சிறு எழுத்தோடு நிற்கும் லிங்க் சில நேரம் போலி வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குக் கொண்டுபோகும். 2022 டிசம்பரில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, மோசடிக்காரர்கள் தேடல் விளம்பரங்களை விலைக்கு வாங்கி நிஜ நிறுவனங்கள்போல நடிக்கிறார்கள் என்று எச்சரித்து, தேடும்போது விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனை (பிரவுசரோடு இணைத்துக்கொள்ளும் சிறு நிரல்) பயன்படுத்துங்கள் என்றே பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. வயதான அப்பா அம்மா பயன்படுத்தும் கணினியில் வைரஸ் தடுப்பு மென்பொருளுக்குக் காசு செலவழிப்பதற்கு முன் இதைச் செய்யலாம் என்பேன்.

யுபிளாக் ஆரிஜின் என்ற இலவச எக்ஸ்டென்ஷன் இதில் பல ஆண்டுகளாக முன்னிலையில் இருக்கிறது. ஒரு பக்கம் திறக்கும்போது பிரவுசர் வெளியே அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் அது இடையில் நின்று பார்த்து, "இதை விடு, அதை நிறுத்து" என்று அந்தக் கணமே முடிவு செய்யும். குரோம் கொண்டுவந்த மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய விதிமுறை அந்த அதிகாரத்தை எக்ஸ்டென்ஷனிடமிருந்து எடுத்துவிட்டது. எக்ஸ்டென்ஷன் முன்கூட்டியே ஒரு விதிப் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும், அதுவும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள். அதைப் பார்த்துத் தடுப்பது பிரவுசரின் வேலை. பாதுகாப்புக்காகவும் வேகத்துக்காகவும் என்பது கூகுள் சொல்லும் காரணம். அதில் உண்மையும் இருக்கிறது, ஏனென்றால் நாம் பார்க்கும் எல்லாவற்றையும் படிக்க முடிகிற எக்ஸ்டென்ஷன் தவறான கைக்குப் போனால் ஆபத்து. கிரேட் சஸ்பெண்டர் என்ற புகழ்பெற்ற எக்ஸ்டென்ஷன் வேறொருவருக்கு விற்கப்பட்டு, தீங்கான குறியீடு இருப்பதாக 2021 பிப்ரவரியில் குரோமிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் இந்த மாற்றத்தால் கடைசியில் வலுவிழந்தது விளம்பரத் தடுப்பான்கள். 2024 இறுதி தொடங்கி 2025-க்குள் குரோமில் யுபிளாக் ஆரிஜின் படிப்படியாக முடக்கப்பட்டது. அதன் இடத்தில் இருப்பது யுபிளாக் ஆரிஜின் லைட் என்ற எளிய வடிவம். பெரும்பாலான விளம்பரத்தை அதுவும் தடுக்கும். சூழ்ச்சியான தளங்களில் திணறும்.

எட்ஜும் அதே பாதையில்தான் போகிறது. ஃபயர்பாக்ஸ், பழைய முறையைக் கைவிட மாட்டோம் என்று அறிவித்து முழு யுபிளாக் ஆரிஜினைத் தொடர்ந்து ஆதரிக்கிறது. பிரேவில் தடுப்பான் எக்ஸ்டென்ஷனாக இல்லாமல் பிரவுசருக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால் இந்த விதிமுறை அதைத் தொடவே இல்லை. என் தேர்வு ஃபயர்பாக்ஸ் பக்கம் போனதற்கு முதல் காரணம் இதுதான்.

நாம் மதிக்கும் செய்தித் தளங்களும் யூடியூபில் உழைத்து வீடியோ போடுபவர்களும் விளம்பரத்தில்தான் பிழைக்கிறார்கள் என்பதும் உண்மை. நாணயமான தளங்களுக்கு மட்டும் தடுப்பானை ஒரு கிளிக்கில் அணைத்து வைக்கலாம், அல்லது சந்தா கட்டலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

குரோமும் எட்ஜும் எங்கே முந்துகின்றன

தமிழில் படிப்பவர்களுக்கு எட்ஜில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. எந்தப் பக்கத்திலும் வலது கிளிக் செய்து உரக்கப் படிக்கச் சொன்னால், தமிழ்க் கட்டுரையைப் பல்லவி, வள்ளுவர் என்று பெயரிட்ட குரல்களில் மனிதர் படிப்பதுபோலவே படித்துக் காட்டும். இலங்கை, சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கும் தனிக் குரல்கள் உண்டு. கண் மங்கிய பெரியவர்களுக்கும், தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கும் இது பெரிய உதவி. இதற்கு இணைய இணைப்பு வேண்டும், படிக்கும் பக்கத்தின் எழுத்து மைக்ரோசாஃப்டின் சர்வருக்குப் போகும். அதனால் சொந்தக் கடிதங்களுக்கு வேண்டாம், செய்திக்கும் கட்டுரைக்கும் தாராளமாக.

குரோமின் பலம் ஆண்ட்ராய்டு போனோடு இருக்கும் உறவு. போனில் சேமித்த பாஸ்வேர்டு கணினியில் வரும், கணினியில் பார்த்த பக்கம் போனில் வரும். பிறமொழிப் பக்கத்தைத் தமிழில் மாற்றிக் காட்டுவதிலும் அது கைதேர்ந்தது. இவை இரண்டும் உங்களுக்கு அன்றாடத் தேவை என்றால் குரோமிலேயே இருப்பதில் தவறில்லை. மூன்றாம் தரப்பு குக்கியை நிறுத்திவிட்டு, லைட் தடுப்பானைப் போட்டுக்கொண்டால் போதும்.

மெமரி விஷயத்தில் எல்லாம் ஒன்றுதான். ஒரு தளத்தில் இருக்கும் குறியீடு இன்னொரு தளத்தின் தகவலைத் திருடாமலிருக்க, ஒவ்வொரு தளத்தையும் தனி இயக்கமாகப் பிரித்து வைக்கிறார்கள். குரோம் 2018-லும் ஃபயர்பாக்ஸ் 2021-லும் இதைக் கொண்டுவந்தன. பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலை அது. பயன்படுத்தாத டேபைத் தூங்க வைக்கும் வசதி இப்போது குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் இருக்கிறது. 4 ஜிபி கணினியில் பிரவுசரை மாற்றுவதைவிட, முப்பது டேபைப் பத்தாகக் குறைப்பதும் தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களைக் கழற்றுவதும் அதிகம் உதவும்.

வங்கிக்குத் தனி பிரவுசர்

யாருக்கும் நான் வற்புறுத்திச் சொல்வது இது. கணினியில் இரண்டு பிரவுசர் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் படிப்பு, பொழுதுபோக்கு, தேடல் எல்லாம். இன்னொன்றில் வங்கி, வருமான வரி, பிஎஃப், காப்பீடு மட்டும். அந்த இரண்டாவதில் ஒரு எக்ஸ்டென்ஷன்கூட இருக்கக் கூடாது, வேறெந்தத் தளமும் திறக்கக் கூடாது. எட்ஜ் ஏற்கெனவே விண்டோஸில் இருக்கிறது, அரசுத் தளங்களும் அதில் சிக்கலின்றி இயங்கும். அதை இதற்கென ஒதுக்கிவிட்டால் போதும், புதிதாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை.

முகவரிப் பட்டையில் இருக்கும் பூட்டுச் சின்னத்தைப் பார்த்து நம்பும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். நமக்கும் தளத்துக்கும் இடையே போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். மோசடித் தளத்துக்கும் அதே பூட்டு இலவசமாகக் கிடைக்கும். மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் குரோம் 2023 செப்டம்பரில் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது. இப்போது இந்திய வங்கிகளுக்கு நல்ல அடையாளம் ஒன்று வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி வங்கிகள் "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அப்படி முடியும் முகவரியை வங்கிகளைத் தவிர வேறு யாரும் வாங்க முடியாது. முகவரியின் கடைசிப் பகுதியைப் படித்துவிட்டு பாஸ்வேர்டு அடியுங்கள்.

கூடவே, "அறிவிப்புகளை அனுமதிக்கவா" என்று தளங்கள் கேட்பதற்கு எப்போதும் மறுப்புதான் பதில். திரையின் மூலையில் "உங்கள் கணினியில் வைரஸ்" என்று பயமுறுத்தி வரும் செய்திகளில் பல, எப்போதோ தெரியாமல் "அனுமதி" அழுத்தியதன் விளைவு. ஃபயர்பாக்ஸ் 2020 ஜனவரியிலிருந்து, தளம் தானாகத் துள்ளி வந்து இதைக் கேட்பதையே அடக்கி வைத்திருக்கிறது.

இன்காக்னிட்டோ என்ற, வரலாற்றைச் சேமிக்காத தனி ஜன்னல் பற்றி ஒரு வரி: அது வீட்டில் இருப்பவர்களிடமிருந்து உங்கள் வரலாற்றை மறைக்கும், தளங்களிடமிருந்தோ இணையச் சேவை நிறுவனத்திடமிருந்தோ மறைக்காது. இதுபற்றிய வழக்கில் 2024-ல் கூகுள் சமரசத்துக்கு வந்து, சேர்த்து வைத்த ஏராளமான பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டது.

பழைய கணினி, கைபேசி

விண்டோஸ் 7, 8.1 வைத்திருப்பவர்களுக்குத் தேர்வே கிடையாது. குரோமும் எட்ஜும் 2023 ஜனவரியில் வந்த 109-ஆம் பதிப்போடு அவற்றைக் கைவிட்டன. ஃபயர்பாக்ஸ் மட்டும் 115 என்ற நீண்டகாலப் பதிப்புக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகளைப் பலமுறை நீட்டித்து வழங்கியது. அதுவும் தற்காலிக ஏற்பாடுதான், அந்தக் கணினியில் வங்கி வேலை வேண்டாம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தாலும், எட்ஜுக்கு அதில் 2028 அக்டோபர் வரையாவது அப்டேட் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஆண்ட்ராய்டு போனில் ஃபயர்பாக்ஸுக்கு ஒரு தனிச் சிறப்பு. கணினியில் போடும் அதே யுபிளாக் ஆரிஜினை அதில் போடலாம், குரோமில் முடியாது. இந்தியாவில் விற்கும் ஐபோனில் எந்தப் பெயரில் இறக்கினாலும் உள்ளே இருப்பது ஆப்பிளின் வெப்கிட்தான், எனவே அங்கே சஃபாரியோடு இருந்துவிடுவது எளிது. ஒரு காலத்தில் நம் ஊர்களில் எல்லோர் போனிலும் இருந்த யுசி பிரவுசர், 2020 ஜூனில் அரசு தடைசெய்த 59 செயலிகளில் ஒன்று. பழைய போனில் அது இன்னும் கிடந்தால் நீக்கிவிடுங்கள்.

சரி, என் முடிவு. அன்றாட வேலைக்கு யுபிளாக் ஆரிஜினோடு ஃபயர்பாக்ஸ், வங்கிக்கும் அரசுத் தளத்துக்கும் எட்ஜ். எதையும் நிறுவி அமைக்கப் பொறுமை இல்லாதவர், அல்லது பெற்றோருக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியூர் போகிறவர், கிரிப்டோ சம்பந்தப்பட்ட பொத்தான்களை மறைத்துவிட்டு பிரேவ் வைக்கலாம். கூகுள் கணக்கோடு முழு வாழ்க்கையும் பின்னிப்போனவர் குரோமிலேயே இருக்கலாம். ஓபரா, விவால்டி மோசமில்லை, ஆனால் ஒரு சாதாரணப் பயனர் அவற்றைத் தேடிப் போகும் அளவுக்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

மாறுவது கடினமில்லை. ஃபயர்பாக்ஸை நிறுவியதும், பழைய பிரவுசரிலிருந்து புக்மார்க்கையும் பாஸ்வேர்டுகளையும் கொண்டுவரவா என்று அதுவே கேட்கும். ஒப்புக்கொண்டபின் செட்டிங்ஸில், சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் பிரைமரி பாஸ்வேர்டு ஒன்றை வைத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்தக் கணினியைத் திறக்கும் யாரும் சேமித்த பாஸ்வேர்டுகளைப் பயன்படுத்திவிடலாம். பழைய பிரவுசரை ஒரு மாதம் அப்படியே விட்டுவையுங்கள், விடுபட்டது ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், எந்த பிரவுசராக இருந்தாலும் வாரத்துக்கு ஒருமுறையாவது முழுவதுமாக மூடித் திறங்கள். இறங்கி வந்த பாதுகாப்பு அப்டேட் அப்போதுதான் வேலைக்கு வரும்.